பெரிய முடிவுகளுக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டுமா? கேள்விகளும் பதில்களும்

கோபி, ஈரோடு, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கங்களில் உழவர் கூட்டங்களிலும் நூலக வாசகர் வட்டங்களிலும் அரசமைப்புச் சட்டம் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் வருகிறது. பல தலைமுறைகளைக் கட்டுப்படுத்தும் ஒரு முடிவை, பாதிக்கு மேல் ஒரு கை கூடுதலாக இருந்தாலே நாடாளுமன்றம் எடுத்துவிடலாமா, அல்லது மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று விதிக்க வேண்டுமா? அங்கே கேட்கப்பட்டவற்றையும், நேரமில்லாமல் நான் பாதியில் விட்ட பதில்களையும் இங்கே முழுமையாக எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பெரிய முடிவுகளுக்கும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டாம். ஆனால் திரும்ப எடுக்க முடியாத முடிவுகளுக்கும், எண்ணிக்கையில் என்றும் குறைவாகவே இருக்கப்போகும் மக்களின் மீது விழும் முடிவுகளுக்கும் அது கட்டாயம் வேண்டும்.

சாதாரணப் பெரும்பான்மைக்கும் சிறப்புப் பெரும்பான்மைக்கும் என்ன வேறுபாடு?

அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தால் அது சாதாரணப் பெரும்பான்மை. அரசமைப்பின் 100ஆம் பிரிவு இதையே பொது விதியாக வைத்திருக்கிறது. அவை நடப்பதற்கு மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால் போதும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 543 பேர் கொண்ட மக்களவையில் 55 பேர் இருந்தால் அவை நடக்கும். அந்த 55 பேரில் 28 பேர் கைதூக்கினால் ஒரு சட்டம் அந்த அவையில் நிறைவேறிவிடும். நடைமுறையில் முக்கியமான நாள்களில் அவை நிறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் விதி கேட்பது அவ்வளவுதான்.

அரசமைப்பைத் திருத்துவதற்கு 368ஆம் பிரிவு இரண்டு தடைகளை வைக்கிறது. இரு அவைகளிலும், தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரிக்க வேண்டும். மத்திய, மாநில அதிகாரப் பங்கீடு, நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் போன்றவற்றைத் தொடும் திருத்தங்களுக்கு, இவற்றோடு குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்ற ஒப்புதலும் வேண்டும்.

இப்படி மூன்று படிகளாக வைத்ததன் காரணத்தை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் அரசமைப்பு நிர்ணய சபையில் விளக்கினார். அந்தச் சபையில் நம் பகுதியிலிருந்து பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியமும் திருச்செங்கோடு பக்கத்து ப. சுப்பராயனும் உறுப்பினர்களாக இருந்தார்கள். ஆகவே எது எந்தப் படியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி நமக்கு அயலானது அன்று.

ஒரு வாக்கு உண்மையிலேயே அவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா?

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு மக்களவையில் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. இது சாதாரணப் பெரும்பான்மையின் கணக்கு. ஓர் அரசு நிற்பதா, விழுவதா என்பதை வேறு எப்படியும் தீர்மானிக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கை தெரிவித்தால்தான் அரசு நீடிக்கும் என்று வைத்தால் எந்த அரசும் நிற்காது; மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தால்தான் விழும் என்று வைத்தால் எந்த அரசையும் இறக்க முடியாது.

ஒரு வாக்கைவிடக் குறைந்த அளவில் தோற்ற மசோதாவும் உண்டு. முன்னாள் மன்னர்களுக்கான மானியத்தை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்த மசோதா 1970 செப்டம்பரில் மக்களவையில் 332க்கு 154 என்று நிறைவேறி, மாநிலங்களவைக்கு வந்தது. அங்கே ஆதரவு 149, எதிர்ப்பு 75, மொத்தம் 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. மனிதரை மூன்றாகப் பிளக்க முடியாது என்பதால் 150 பேர் வேண்டியிருந்தது, மசோதா தோற்றது. குடியரசுத் தலைவர் ஆணை வழியாக அரசு அதைச் செய்ய முயன்றது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை அதே ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது. 1971 தேர்தலில் மக்களிடம் சென்று பெரும் ஆதரவோடு திரும்பிய பிறகே 26ஆவது திருத்தமாக அது நிறைவேறியது.

இந்தக் கதையை மானியத்தை எதிர்த்த ஒருவரிடம் சொன்னால், நல்ல சட்டம் ஓராண்டு தாமதமாயிற்றே என்பார். எனக்கோ அந்த ஓராண்டு வீணானதாகத் தோன்றவில்லை. இடையில் நடந்தது ஒரு பொதுத்தேர்தல்.

'பெரிய முடிவு' எது என்று யார் சொல்வது?

இதுதான் கேள்விகளில் கடினமானது. இதற்கு ஒரு வாய்க்காலை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. மண் வாய்க்காலாக வெட்டப்பட்ட அதற்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது உழவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கசிந்து வீணாகும் நீர் தங்களுக்கு வந்து சேர வேண்டும் என்றார்கள் கடைமடைக்காரர்கள். கசிவு நின்றால் கிணறுகள் வற்றும், தென்னந்தோப்புகள் காயும் என்றார்கள் வாய்க்கால் கரையோர ஊர்க்காரர்கள். ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த கூட்டத்திற்கு நான் போயிருந்தேன். நீள மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, தரையில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பேசிப் பேசி முடிவு வராமல், ஆயக்கட்டுதாரர்கள், அதாவது வாய்க்கால் பாசனம் பெறும் நிலத்துக்காரர்கள், மட்டும் கைதூக்கட்டும், எண்ணிவிடலாம் என்றார் ஒருவர். கைகள் எழத் தொடங்கியபோது, கதவருகே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "எங்க கெணத்துத் தண்ணி யாரு கணக்குலீங்க வருது?" என்று கேட்டார். அவருடைய நிலம் ஆயக்கட்டில் இல்லை. ஆனால் அவருடைய கிணறு வாய்க்காலின் கசிவால்தான் ஊறுகிறது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை.

கான்கிரீட் போடுவது சரியா, தவறா என்பது இங்கே பொருள் அன்று. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு சோதனைகள். அடுத்து வருபவர்கள் அதே எளிமையோடு இந்த முடிவை மாற்ற முடியுமா என்பது ஒன்று. முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவர்கள் வாக்குக் கணக்கில் இருக்கிறார்களா, இருந்தாலும் என்றைக்காவது பெரும்பான்மை ஆகும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டா என்பது இன்னொன்று. பணத்தொகை பெரியதாக இருப்பதும், செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வருவதும் ஒரு முடிவைப் பெரியதாக்குவதில்லை.

ஒரு மாநிலத்தைப் பிரிக்க எத்தனை வாக்கு வேண்டும்? 'கொங்கு நாடு' பேச்சு எழுந்ததே, அதை நாடாளுமன்றம் செய்துவிட முடியுமா?

முடியும், சாதாரணப் பெரும்பான்மையிலேயே முடியும். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். 3ஆம் பிரிவின்படி புதிய மாநிலம் அமைக்கவும், எல்லையை மாற்றவும், பெயரை மாற்றவும் நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம் போதும். அதனால் அரசமைப்பின் அட்டவணைகளே மாறினாலும் அது அரசமைப்புத் திருத்தம் ஆகாது என்று 4ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மசோதாவைச் சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கருத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் நாடாளுமன்றத்திற்கு இல்லை.

2014இல் ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதமே மக்களவை அதைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. அந்த நேரத்தில் நேரடி ஒளிபரப்பும் நின்றிருந்தது. 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கப்பட்டபோது அங்கே சட்டமன்றமே இல்லை. ஆகவே 2021 ஜூலையில் மத்திய அமைச்சர் ஒருவரின் அறிமுகக் குறிப்பில் இருந்த 'கொங்கு நாடு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தனி மாநிலம், ஒன்றியப் பகுதி என்று பேச்சுக் கிளம்பியபோது, சட்டப்படி நடக்கவே நடக்காது என்று சொன்னவர்கள் சட்டத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்.

இங்கே ஓர் ஒப்பீடு என்னை நெடுநாளாக உறுத்துகிறது. கோவையில் ஒரு பஞ்சாலை தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமானால், 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பங்குதாரர்களிடம் சிறப்புத் தீர்மானம் பெற வேண்டும். அதாவது எதிர் வாக்குகளைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் ஆதரவு வாக்குகள் விழ வேண்டும். அதே 2013இல் வந்த நிலமெடுப்புச் சட்டம், தனியார் திட்டத்துக்கு நிலம் எடுப்பதென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரும், அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் திட்டமென்றால் 70 விழுக்காட்டினரும் சம்மதிக்க வேண்டும் என்கிறது. பஞ்சாலையின் பெயருக்கும் நாலு ஏக்கர் நிலத்துக்கும் உள்ள காப்பு, ஒரு மாநிலத்தின் பெயருக்கும் எல்லைக்கும் இல்லை.

அப்படியானால் மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதத்தைக் கட்டாயமாக்கலாமே என்பார்கள். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. 234 உறுப்பினர்கள் கொண்ட நம் சட்டமன்றத்தில் கொங்கு மாவட்டங்களை எப்படி எண்ணினாலும் ஐம்பது, அறுபது தொகுதிகள்தான் தேறும். ஒரு வட்டாரத்து மக்கள் ஒருநாள் உண்மையிலேயே தனியாகப் போக விரும்பினால், அவர்களுக்கு எதிரான தடையை மாநிலத்தின் மற்றப் பகுதியினர் கையில் நிரந்தரமாகக் கொடுத்துவிடுவதும் நியாயம் ஆகாது. தெலங்கானா மக்கள் பல பத்தாண்டுகளாகச் சந்தித்தது இதையே. நான் தமிழ்நாடு பிரிவதை விரும்பாதவன். ஆனாலும் விதியை என் விருப்பத்துக்கு ஏற்பச் செய்ய முடியாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், சட்டமன்றத்தில் பெயர் குறித்த வாக்கெடுப்போடு விவாதம் நடந்திருக்க வேண்டும், சட்டமன்றம் இல்லாத காலத்தில் இதைத் தொடவே கூடாது என்பது என் பரிந்துரை.

மொழி உரிமைக்குச் சிறப்புப் பெரும்பான்மையின் காப்பு இருக்கிறதா?

இருக்கிறது என்றே நம் வீடுகளில் பலரும் நினைக்கிறார்கள். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நாள்களில்தான் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அந்தப் போராட்டத்தின் விளைவாக 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் தொடரும் என்பது அதன் 3ஆம் பிரிவில் எழுதப்பட்டது.

அந்த வாசகத்தைப் படித்தால் இதைவிடப் பெரிய பூட்டு இருக்க முடியாது என்று தோன்றும். ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் போதும். ஆனால் அந்தப் பூட்டு தொங்கும் கதவு ஒரு சாதாரணச் சட்டம். சாதாரணச் சட்டத்தை இன்னொரு சாதாரணச் சட்டத்தால் நீக்கிவிடலாம். அதற்கு வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் ஒருவர் போதும். எல்லா மாநிலங்களின் சம்மதம் வேண்டும் என்று சொல்லும் பிரிவை நீக்குவதற்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் தேவையில்லை. இதுவரை யாரும் அதைத் தொடவில்லை என்றால் அரசியல் அச்சமே காரணம். சட்டம் தடுத்ததால் அன்று.

சாதாரணப் பெரும்பான்மையால் மொழியும் குடியுரிமையும் என்ன ஆகும் என்பதை அறிய நாம் கடலைத் தாண்டிப் பார்த்தால் போதும். இலங்கையில் அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது. ஆனால் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டமும் சாதாரணச் சட்டங்களாகவே நிறைவேறின. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்று நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கின்றன. எண்ணிக்கையில் குறைந்தவர்களின் அடிப்படை உரிமையைப் பாதிப் பெரும்பான்மையிடம் விட்டுவைத்ததன் விலையை அவர்கள் கொடுத்தார்கள்.

ஆகவே 1967இன் அந்த உறுதிமொழியை அரசமைப்புக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

வரி, வரவுசெலவுத் திட்டம் ஆகியவற்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் என்ன?

வைக்கக் கூடாது. கலிபோர்னியா மாநிலம் வரவுசெலவுத் திட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று நெடுங்காலம் வைத்திருந்து, ஆண்டுதோறும் இழுபறியைச் சந்தித்து, 2010இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அதைக் கைவிட்டது. சம்பளமும் ஓய்வூதியமும் நிற்கும்போது, சிறுபான்மைக் குழு ஒன்று கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது.

ஜி.எஸ்.டி. மன்றத்தை உதாரணமாகக் காட்டுபவர்கள் உண்டு. அங்கே முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு மதிப்பு வேண்டும். ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எல்லா மாநிலங்களும் ஒன்றாக நின்றாலும் 66.7 விழுக்காடுதான் வரும். 75ஐத் தொட முடியாது. ஆகவே ஒன்றிய அரசு ஒன்றே எதையும் தடுத்துவிடலாம். தடுக்க நினைக்கும் மாநிலங்களோ பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தாக வேண்டும். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு சாயப்பட்டறைக்காரரின் வரி விகிதம் இந்தக் கணக்கின் வழியாகத்தான் முடிவாகிறது. சிறப்புப் பெரும்பான்மை என்ற சொல் நன்றாகத்தான் ஒலிக்கும். யாருக்கு எத்தனை மதிப்பு என்று பார்க்காமல் அதை ஏற்றுவிடக் கூடாது.

வேளாண் சட்டங்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மை இருந்திருந்தால் அவை வந்திருக்காதே?

வந்திருக்காமல் போயிருக்கலாம். இருந்தாலும் அவை என் இரண்டு சோதனைகளில் முதலாவதில் தேறவில்லை. 2020இல் வந்த சட்டங்கள் 2021 நவம்பரில் சாதாரணச் சட்டத்தாலேயே நீக்கப்பட்டன. அங்கே குறை வேறு இடத்தில் இருந்தது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எண்ணி வாக்கெடுக்கக் கோரியபோது, அமளியைக் காரணம் காட்டிக் குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. எத்தனை வாக்கு வேண்டும் என்பதற்கு முன், விழுந்த வாக்கை எண்ணினார்களா என்பது முக்கியம்.

அளவுகோலை உயர்த்தினால் தேவையான மாற்றங்களும் நின்றுபோகாதா?

நிற்கும். இது உண்மையான ஆபத்து. சிறப்புப் பெரும்பான்மையை ஆதரிப்பவன் என்பதாலேயே இதை நான் மறைக்க மாட்டேன். அமெரிக்க மேலவையில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்ற விதியால், கறுப்பின மக்களின் குடிமை உரிமைச் சட்டங்கள் பல பத்தாண்டுகள் முடக்கப்பட்டன. 1964இல் 71க்கு 29 என்ற வாக்கில்தான் அந்தத் தடை உடைந்தது. சிறுபான்மையைக் காக்கும் விதி என்று சொல்லப்பட்டது, ஒடுக்குபவர்களின் சிறுபான்மையைக் காத்தது.

நம் நாட்டிலும் ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடமளிக்கும் 64ஆவது திருத்த மசோதா 1989இல் மாநிலங்களவையில் தோற்றது. பிறகு 73ஆவது திருத்தமாக 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இடையில் போனது மூன்றரை ஆண்டு. மறுபக்கம், இடஒதுக்கீட்டை மீட்ட 1951ஆம் ஆண்டு முதல் திருத்தமும், தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 1994ஆம் ஆண்டு 76ஆவது திருத்தமும் இதே தடையைத் தாண்டி வந்தவையே. உண்மையான இசைவு இருக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது.

இந்த ஆபத்தைக் குறைக்கும் ஓர் அமைப்பு நம் அரசமைப்பிலேயே இருக்கிறது. 1975இல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் தரச் சாதாரணப் பெரும்பான்மை போதுமாக இருந்தது. 1978ஆம் ஆண்டு 44ஆவது திருத்தம் அதை மாற்றியது. இப்போது நெருக்கடி நிலையை ஏற்க இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்; அதை நீக்க மக்களவையின் சாதாரணப் பெரும்பான்மை போதும். உரிமையைப் பறிப்பது கடினம், திருப்பிக் கொடுப்பது எளிது என்ற இந்த ஏற்பாடு, நான் படித்த அரசமைப்புப் பிரிவுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது.

ஒரே கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் கிடைத்துவிட்டால் இந்தக் காப்பு எதற்கு?

1976இல் அதுதான் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது 42ஆவது திருத்தம் சிறப்புப் பெரும்பான்மையோடு நிறைவேறி, கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. அந்தத் திருத்தத்தின் பல பகுதிகள் பின்னர் நீக்கப்பட்டன. ஆனால் கல்வி திரும்பவில்லை. 1984 தேர்தலில் பாதிக்குச் சற்றுக் குறைவான வாக்குகளைப் பெற்ற காங்கிரஸ் 400க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. ஹங்கேரியில் 2010இல் ஏறத்தாழ 53 விழுக்காட்டு வாக்கு பெற்ற கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்று, அரசமைப்பையே புதிதாக எழுதி, தன் சட்டங்கள் பலவற்றை மாற்றவும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று பூட்டிவிட்டது.

இதோடு கொறடாவின் பிடியும் சேர்கிறது. 1985ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழப்பார். ஆகவே மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கான 362 கைகள் எழும்போது, உண்மையில் முடிவெடுத்தவர்கள் நாலைந்து கட்சித் தலைவர்களாக இருக்கலாம். நம்பிக்கை வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இந்தத் தண்டனையை வைத்துக்கொள்ளலாம் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அரசமைப்புத் திருத்தங்களிலாவது உறுப்பினரை அவருடைய மனச்சாட்சிக்கு விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கையை உயர்த்துவதில் பயன் பாதிதான்.

காலமும் வேண்டும். பொருளாதார நிலையில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு ஒதுக்கும் 103ஆவது திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறி, மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வாக்குகள் 323க்கு 3, 165க்கு 7. எண்ணிக்கைக்குக் குறைவில்லை. அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் படித்துப் பார்க்கக்கூட அவகாசம் இல்லை.

தொகுதி மறுவரையறையில் தென்மாநிலங்களை இந்த விதி காக்குமா?

அந்த விதி மட்டும் போதாது. தமிழ்நாடு 39, கர்நாடகம் 28, ஆந்திரம் 25, கேரளம் 20, தெலங்கானா 17, ஆக 129. மக்களவை முழுவதும் வாக்களித்தால் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்க 182 பேர் வேண்டும். ஐந்து மாநிலங்களும் கட்சி பாராமல் ஒன்றாக நின்றாலும் 53 குறைகிறது. பாதி மாநிலங்களின் ஒப்புதல் என்ற விதியிலும் 28இல் ஐந்தால் எதையும் தடுக்க முடியாது. 1967 தேர்தலுக்கு முன் 41ஆக இருந்த நம் இடங்கள் 39ஆனதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புப் பெரும்பான்மை செய்வது, கூட்டாளிகளைத் தேடிப் பேசுவதற்கான கட்டாயத்தையும் நேரத்தையும் தருவதே. ஒடிசாவோடும் பஞ்சாபோடும் வடகிழக்கோடும் பேசும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

சிறப்புப் பெரும்பான்மை விதியையே சாதாரணப் பெரும்பான்மையால் சுற்றிப் போய்விட முடியாதா?

சாதாரணச் சட்டத்தில் எழுதினால் முடியும். பிரிட்டனில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் முன்கூட்டிய தேர்தலுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றது. 2019இல் அந்த எண்ணிக்கை கிடைக்காதபோது, தேர்தல் நாளைக் குறித்துப் புதிய சட்டம் ஒன்றைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றித் தேர்தலை நடத்தினார்கள். ஆகவே எந்தப் பூட்டாக இருந்தாலும் அதை அரசமைப்புக்குள் வைக்க வேண்டும்.

என் தொகுதி உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று நான் தெரிந்துகொள்ள முடியுமா?

எண்ணி வாக்கெடுத்தால் முடியும். குரல் வாக்கெடுப்பில் 'ஆம்' என்றவர் யார், 'இல்லை' என்றவர் யார் என்பதற்குப் பதிவே கிடையாது. மக்களவை விதிகளின்படி, சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படும் ஒவ்வொரு தீர்மானத்தையும் கட்டாயம் எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். சிறப்புப் பெரும்பான்மையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பயன் இது. அங்கே யார் பக்கம் யார் நின்றார் என்பது அச்சில் இருக்கும்.

ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான 129ஆவது திருத்த மசோதா 2024 டிசம்பர் 17 அன்று அறிமுகமானபோது 269 பேர் ஆதரித்தார்கள், 198 பேர் எதிர்த்தார்கள். அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் அது கூட்டுக் குழுவுக்குப் போனது. அதே 467 பேர் நிறைவேற்றத்துக்கு வாக்களித்திருந்தால் 312 வேண்டியிருந்திருக்கும். அவைக் குறிப்புகள் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, கரூர், நாமக்கல், சேலம் ஆகிய எட்டுத் தொகுதிகளின் பெயர்களை அதில் தேடிப் பார்த்து, அவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது காரணம் கேளுங்கள்.